பெயர் தெரியாத முன்னோருக்கு ஒரு சங்கம்

எங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் உறுப்பினர் தகுதியைச் சொல்லும் பிரிவு இரண்டு வரிகளுக்கு மேல் இல்லை. கூட்டம் எப்போது நடத்துவது, கணக்கை யார் தணிக்கை செய்வது, செயலாளர் இல்லாதபோது கையெழுத்து யாருடையது என்பன போன்ற மற்றப் பிரிவுகளையெல்லாம், ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டோம். இந்த இரண்டு வரிகளுக்குத்தான் மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியை நினைவுகூரவும், அதனோடு தொடர்புள்ள இடங்களையும் எழுத்துகளையும் தொகுத்து வைக்கவும் கூடிய ஒரு சிறு குழு, தன்னை யாருடைய வழிவந்ததாகச் சொல்லிக்கொள்வது என்ற இடத்தில் நின்றுவிட்டது. அந்தத் தடை எப்படி வந்தது, எப்படி நீங்கியது என்பதைச் செயலாளர் என்ற முறையில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

சங்கம் வேண்டும் என்ற எண்ணம் எங்களில் பலருக்கு முன்பே இருந்ததுதான். ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் தேதி மக்கான் பகுதியில் உள்ள நினைவுத்தூணுக்கு மாவட்ட அதிகாரிகள் மலர்வளையம் வைப்பார்கள். மறுநாள் நாளிதழில் ஒரு படம் வரும். பிறகு அடுத்த ஜூலை வரை அந்தப் பேச்சு இருக்காது. பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில், கோட்டைக்கு நடந்து போகும் தூரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளை ஒப்பிப்பதையும், தங்கள் ஊர்க் கோட்டையில் நடந்ததைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத முடியாமல் விழிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணம் செயலாவதற்கு வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் வேண்டியிருந்தது. எங்களுக்கு அது பென்சில்வேனியாவிலிருந்து வந்தது.

என் அக்காள் மகள் அங்கே வேலையில் இருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டு அம்மையார், அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்ற அமைப்பின் உள்ளூர்க் கிளையில் உறுப்பினர். அந்தக் கிளை எப்படித் தோன்றியது, யார் அதைக் கூட்டினார்கள், முதல் கூட்டம் யார் வீட்டில் நடந்தது என்பதையெல்லாம் ஒரு சிறு வெளியீடாக அச்சிட்டிருக்கிறார்கள். 'மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்லி அதை எனக்கு அனுப்பி வைத்தாள். அதைப் படித்த பிறகு அந்த அமைப்பைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன்.

அது தோன்றிய விதமே சுவையானது. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, புரட்சிப் போரில் பங்குகொண்டவர்களின் ஆண் வழித்தோன்றல்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே, பெண்களை அதில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1890ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி மேரி லாக்வுட் என்பவர் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில், ஆண்கள் மனம் தளர்ந்து சரணடைய எண்ணிய வேளையில் அவர்களைத் தடுத்து நிறுத்திய ஹன்னா ஆர்னெட் என்ற பெண்ணின் வரலாற்றை எழுதி, இவர்களுக்கெல்லாம் உங்கள் நாட்டுப்பற்றில் இடமில்லையா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் சூடு ஆறுவதற்குள், அதே ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி வாஷிங்டன் நகரில் பெண்களின் சங்கம் தொடங்கப்பட்டுவிட்டது. மேரி லாக்வுட், மேரி டெஷா, எலன் வால்வொர்த், யூஜினியா வாஷிங்டன் ஆகிய நால்வரும் நிறுவனர்களாகப் போற்றப்படுகிறார்கள். குடியரசுத் தலைவரின் மனைவி கேரலின் ஹாரிசன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டிலேயே சிகாகோவில் முதல் கிளை அமைந்தது. இன்று கிளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு கிளை தொடங்கக் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒவ்வொருவரும், 1775 முதல் 1783 வரை நடந்த புரட்சிப் போருக்குத் துணைநின்ற ஒரு முன்னோரிடமிருந்து தாம் நேர்வழியில் வந்தவர் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் சான்று காட்டி நிறுவ வேண்டும். இன்னாருக்கு இன்னார் பிறந்தார், இன்னாரை மணந்தார், இந்த ஆண்டில் இந்த ஊரில் இறந்தார் என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆவணம் வேண்டும். மாதாகோயில் பதிவேடு, உயில், குடும்ப பைபிளின் முதல் பக்கம், கல்லறைக் கல் என்று எது கிடைத்தாலும் இணைக்கிறார்கள். அந்த முன்னோர் துப்பாக்கி ஏந்தியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படைக்குத் தானியம் கொடுத்தவர், மாடு கொடுத்தவர், உள்ளூர்க் குழுவில் பொறுப்பு வகித்தவர் ஆகியோரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். இந்தப் பரந்த வரையறை பின்னால் எங்களுக்கு மிகவும் உதவியது.

அமெரிக்கப் புரட்சிக்கும் வேலூருக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டபோது, அதற்கு என்னிடம் ஒரு விடை தயாராக இருந்தது. பாலாற்றங்கரையில் ஹைதர் அலியின் படை வேலூர்க் கோட்டையை வளைத்துக்கொண்டு நின்ற அதே போர்க்காலத்தில், பென்சில்வேனியாவின் வணிகர்கள் தங்கள் கப்பல்களைக் காப்பதற்காக அனுப்பிய ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி என்றே பெயர் சூட்டியிருந்தார்கள். பொது எதிரியான ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர் என்பதால் அந்தப் பெயர் கடல் கடந்து போயிருக்கிறது. 1782ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி டெலவேர் விரிகுடாவில், ஜோஷுவா பார்னியின் தலைமையில் அந்தக் கப்பல், தன்னைவிட வலிய ஆங்கிலேயக் கப்பலான ஜெனரல் மங்க்கைக் கைப்பற்றியது. அதற்கு முந்திய அக்டோபரில் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான், பிறகு இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து 1792இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து, அவருடைய இரண்டு சிறுவர்களைப் பிணையாக வாங்கிச் சென்றவர். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான முயிசுதீன், திப்பு போரில் வீழ்ந்த 1799க்குப் பிறகு, குடும்பத்தாரோடு வேலூர்க் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டார். 1806 ஜூலையில் ஆங்கிலேயர்களின் ஐயத்துக்கும் ஆளானார். அமெரிக்காவில் தோற்ற கையோடு இங்கே வந்து சேர்ந்த அந்த ஆட்சியின் வரலாற்றில் வேலூர் ஓர் ஓரக் குறிப்பாக நிற்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

முதல் கூட்டத்தை லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் மாடியில் கூட்டினோம். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர், 2006இல் புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்காக இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உருது எழுத்தை நன்றாகப் படிக்கத் தெரிந்த துணிக்கடைக்காரர் ஒருவர், கல்லூரி ஆசிரியைகள், சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வழக்கறிஞர் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. அமெரிக்கப் பெண்கள் செய்ததைப் போலவே நாமும் 1806 சிப்பாய்களின் வழித்தோன்றல்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைப்போம் என்று அன்று எல்லோரும் உற்சாகமாகப் பேசினார்கள். துணிக்கடைக்காரர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, 'எங்க தாத்தாவோட அப்பா பேரே எனக்குத் தெரியாது சார். ஏழு தலைமுறைக்கு நான் எங்க போறது?' என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால், வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தவர்கள் அனைவரும் அடுத்த கூட்டத்துக்கு அதே கேள்வியோடு வந்தார்கள்.

நம்மிடம் குடும்ப பைபிளின் முதல் பக்கம் போன்ற ஒன்று இல்லை. பட்டா, சிட்டா, பத்திரம் இருக்கின்றன. அவை நிலம் உள்ளவர்களின் பெயரைத்தான் காக்கின்றன. மாதம் சில ரூபாய் சம்பளத்துக்குக் கும்பினியின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்ட சிப்பாய்க்கு நிலம் எங்கே இருந்தது? அதற்கும் மேலாக, தோற்றவர்களின் பெயர்களை ஏடுகளிலிருந்து அகற்றுவது 1806இல் வென்றவர்களின் தண்டனைகளில் ஒன்றாகவே இருந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை, சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் வெட்ட வேண்டும், தோல் பட்டையும் குஞ்சமும் வைத்த புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று விதித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வேலூரில் அந்தத் தலைப்பாகையை மறுத்தவர்கள் சென்னைக்கு அனுப்பி விசாரிக்கப்பட்டார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து விலக்கினார்கள். ஜூலை 9ஆம் தேதி திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டைக்குள் திருமணம். மறுநாள் அணிவகுப்பு என்பதால், வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடிசைகளில் குடும்பத்தோடு உறங்கும் சிப்பாய்களில் பெரும்பாலோர் அன்றிரவு உள்ளேயே தங்கியிருந்தார்கள். விடிவதற்கு முன்பே, கோட்டையில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் 69ஆம் படைப்பிரிவின் பாளையத்தின்மீது துப்பாக்கிகள் வெடித்தன. மைசூர்க் கொடி ஏறியது. திப்புவின் மகன் ஃபதே ஹைதர் அரசராக அறிவிக்கப்பட்டார். கோட்டைக்கு வெளியே இருந்த அதிகாரி ஒருவர் வழியாக ஆர்க்காட்டுக்குச் செய்தி போனது. கர்னல் கில்லெஸ்பி 19ஆம் குதிரைப்படையோடு பதினாறு மைல் பாய்ந்து வந்து, கயிற்றைப் பிடித்து மதில்மேல் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் வாயிலைப் பிளந்தன. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்து வந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் இறந்த சிப்பாய்கள் சுமார் முந்நூற்றைம்பது பேர் என்பார்கள். பின்னர் விசாரணை நடத்தி, ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். ஐந்து பேரைச் சுட்டார்கள். எட்டுப் பேரைத் தூக்கிலிட்டார்கள். ஐந்து பேரை நாடுகடத்தினார்கள். புரட்சியில் ஈடுபட்ட படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டு, அவற்றின் எண்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன.

இனி யாருடைய பெயர்கள் மிஞ்சின என்று பாருங்கள். 69ஆம் படைப்பிரிவில் இறந்த 115 பேருக்கும் அதிகாரிகள் பதினால்வருக்கும் அவர்களுடைய நாட்டில் பதிவேடு உண்டு. கோட்டைக்கு அருகே உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவிடமும் உண்டு. சதியை ஜூன் மாதமே அதிகாரிகளிடம் சொல்லி, பைத்தியம் என்று அடைத்துவைக்கப்பட்டு, பின்பு 2,000 பகோடாவும் (அக்காலப் பொன் நாணயம்) ஓய்வூதியமும் பெற்ற முஸ்தபா பேக்கின் பெயர் உண்டு. கில்லெஸ்பிக்கு 7,000 பகோடா வெகுமதி கொடுத்த கணக்கு உண்டு. சுவரோரம் நின்ற அந்த நூறு பேருடைய பெயர்களை நான் எந்தக் கல்லிலும் கண்டதில்லை. விசாரணைத் தாள்களில் ஷேக் ஆதம், ஷேக் காசிம், ஷேக் ஹுசைன் என்று சில பெயர்கள் தலைகாட்டுகின்றன. அவையும் குற்றஞ்சாட்டியவர்கள் எழுதி வைத்தவையே. தந்தை பெயரோ ஊரோ இல்லாமல் நிற்கும் அவற்றைக் கொண்டு வம்சாவளி கட்ட முடியாது.

கல்லூரி ஆசிரியை ஒருவர் இதில் வேறொரு பக்கத்தைக் காட்டினார். கோட்டைத் தளபதி ஃபான்கோர்ட் அன்றிரவு குண்டடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி அமீலியா இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பினார். அந்த இரவையும் காலையையும் பற்றி அவர் எழுதிய குறிப்பு இன்றும் கிடைக்கிறது. படிப்பவர் மனத்தைக் கலக்கும் எழுத்து அது. அந்தத் தாயின் அச்சத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே காலையில், கோட்டைக்கு வெளியே இருந்த குடிசைகளிலும் பெண்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு வெடிச்சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். இரவு அணிவகுப்புக்கென்று உள்ளே போன கணவன் நண்பகலில் என்ன ஆனான் என்பதை அவர்களுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அவர்களில் எழுதத் தெரிந்தவர் இல்லை; இருந்திருந்தாலும் எழுதிவைத்துப் பத்திரப்படுத்தும் துணிவு வந்திருக்காது. துரோகி என்று தண்டிக்கப்பட்டவனின் மனைவி, பிழைக்க வேண்டுமானால் அவன் பெயரைச் சொல்லாமல்தான் வேறொரு ஊருக்குப் போயிருப்பாள். நம் வீடுகளில் ஏழாம் தலைமுறையின் பெயர் இல்லாமல் போனதற்கு மறதி ஒன்றையே காரணமாகச் சொல்வது நியாயமில்லை என்றார் அந்த ஆசிரியை. அன்று கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. வழித்தோன்றல் சங்கம் என்ற எண்ணத்தை நாங்கள் கைவிட்டதும் பெரும்பாலும் இதனால்தான்.

கைவிடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை வழக்கறிஞர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். நம் நாட்டில் முன்னோரின் பெயரால் கூடும் சங்கம் ஐந்து ஆண்டுகளுக்குள் சாதிச் சங்கமாகிவிடும். ஒரு தியாகியைக் கொண்டாடத் தொடங்கியவர்கள் அவர் எந்த வகுப்பு என்பதில் வந்து முடிப்பார்கள் என்றார். அமெரிக்காவிலும் வம்சாவளி ஒரு மதிலாக நின்றதுண்டு. 1939இல் மரியன் ஆண்டர்சன் என்ற மாபெரும் கருப்பினப் பாடகிக்கு, அந்த மகள்கள் அமைப்பு வாஷிங்டனில் உள்ள தன் அரங்கத்தைக் கொடுக்க மறுத்தது. குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதைக் கண்டித்து உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகினார். ஏப்ரல் 9ஆம் தேதி ஆண்டர்சன் லிங்கன் நினைவகத்தின் படிகளில் திறந்தவெளியில், பல்லாயிரக்கணக்கானோர் முன்னிலையில் பாடினார். பின்னாளில் அந்த அமைப்பு தன் பழைய நடத்தைக்கு வருந்தியது. 1977இல் ஒரு கருப்பினப் பெண்மணி உறுப்பினரானார். பெண்களை ஒதுக்கியதை எதிர்த்துப் பிறந்த சங்கமே இன்னொருவரை ஒதுக்கும் நிலைக்கு வந்தது என்றால், சாதியில் ஊறிய நம் ஊரில் என்ன ஆகும் என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

ஆகவே, பிறப்பை விட்டுவிட்டு இடத்தையும் வேலையையும் தகுதியாகக் கொள்வது என்று முடிவாயிற்று. எங்கள் எல்லைக்குள் வாழ்கின்ற அல்லது ஒரு காலத்தில் வாழ்ந்த எவரும் உறுப்பினராகலாம். சேர்ந்த ஓராண்டுக்குள் சங்கத்தின் ஏட்டில் ஓர் இடத்தையோ ஆவணத்தையோ நினைவையோ பற்றி ஒரு பதிவு எழுதித் தர வேண்டும். அந்த இரண்டு வரிகள் இவைதான்.

யாரை நினைவுகூர்வது என்பதில் எழுந்த வாதம் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. சிப்பாய்கள் மட்டும் போதும் என்றனர் சிலர். அமெரிக்கர்கள் தானியம் கொடுத்தவரையும் கணக்கில் கொண்டதைச் சுட்டி, செய்தி சுமந்து திரிந்த பக்கிரிகளையும் அரண்மனைப் பணியாளர்களையும் பேட்டையில் இருந்த குடும்பங்களையும் சேர்க்க வேண்டும் என்று நான் வாதாடினேன், அது ஏற்கப்பட்டது. 69ஆம் படைப்பிரிவின் இறந்தோரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அஞ்சல்காரர் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர்களும் பெரும்பாலும் வறுமையால் படையில் சேர்ந்த இளைஞர்கள், உறக்கத்தில் கொல்லப்பட்டவர்கள் என்றார் ஆசிரியை. கடைசியில், அவர்களுடைய நினைவிடத்தையும் எங்கள் பட்டியலில் இடமாகச் சேர்ப்பது, ஆனால் ஜூலை 10ஆம் நாளின் அஞ்சலியைச் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உரியதாக வைத்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டோம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இறந்தவர்களுக்கு நடுவில் கோடு கிழிப்பது என் வயதுக்கு ஒவ்வாததாக இருக்கிறது. ஆயினும் சங்கம் என்று வந்துவிட்டால் பெரும்பான்மையின் முடிவே முடிவு.

கோட்டையின் மற்ற கைதிகள் பற்றி அதிக விவாதம் இல்லை. 1816இல் கொண்டுவரப்பட்டு 1832இல் இங்கேயே இறந்த கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்குப் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. அது பட்டியலில் சேர்ந்தது. தொரப்பாடியில் உள்ள மத்திய சிறையும் சேர்ந்தது. ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் அங்கே இருந்த ராஜாஜி தம் சிறை நாட்குறிப்பை எழுதிய இடம் அது. காமராசர் அங்கே அடைபட்டிருந்தபோதுதான், 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1806க்கும் 1941க்கும் இடையே ஒரே ஊரில் ஒரு கோட்டையும் ஒரு சிறையும் மாறிமாறி நாட்டின் எதிர்ப்பாளர்களை வாங்கிக்கொண்டன என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல இந்த இரண்டு இடங்களே போதும்.

எல்லை என்று மேலே சொன்னேனே, அதுவும் ஒரு வழக்காயிற்று. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1911இல் சித்தூரைப் பிரித்துக் கொடுத்தது. 1989இல் திருவண்ணாமலையை விட்டது. 2019இல் எஞ்சியதும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. இன்றைய வேலூர் மாவட்டத்தோடு நின்றால், கில்லெஸ்பியின் குதிரைகள் புறப்பட்ட ஆர்க்காடு வெளியூராகிவிடும். 1751இல் கிளைவ் முற்றுகையைத் தாங்கிய கோட்டையின் மிச்சமாக நிற்கும் டெல்லி வாயிலும் எங்களுடையதாக இராது. வரலாறு வட்டாட்சியர் அலுவலகத்தின் வரைபடத்தைக் கேட்டு நடப்பதில்லை என்று துணிக்கடைக்காரர் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டு, 1989க்கு முந்திய வட ஆர்க்காட்டையே எல்லையாக எழுதினோம். செய்யாறு, வந்தவாசி நண்பர்கள் இதனால் மிகவும் மகிழ்ந்தார்கள்.

பதிவு செய்வது நினைத்ததைவிட எளிதாகவே முடிந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். அமெரிக்காவில் பன்னிரண்டு கேட்கிறார்கள், நமக்கு ஏழே போதும் என்று அஞ்சல்காரர் பெருமைப்பட்டார். பெயர் வைப்பதில் மட்டும் கவனம் வேண்டியிருந்தது. அரசின் ஆதரவு பெற்றதைப் போலத் தோன்றும் பெயர்களுக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதிப்பதால், முதலில் எழுதியிருந்த ஆடம்பரமான பெயரை வழக்கறிஞர் அடித்துவிட்டு, ஊர்ப்பெயரும் ஆண்டும் மட்டும் வருமாறு ஒன்றை வைத்தார். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய மரபு அமைப்பின் கிளையாகிவிடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. பெரிய அமைப்பின் பெயர் கதவுகளைத் திறக்கும் என்பது உண்மை. ஆனால் எங்கள் அஞ்சலி நாளை எங்கள் ஊர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உறுதியாக இருந்ததால் தனிச் சங்கமாகவே பதிந்தோம்.

முதல் வேலையாகக் கோட்டைக்குள் ஒரு கல் நாட்ட விரும்பினோம். கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும், நூறு மீட்டர் சுற்றளவுக்குள் கட்டுமானத்தைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் அங்கே எங்கள் விருப்பப்படி எதையும் நிறுவ இடம் தருவதில்லை. சிலருக்கு ஏமாற்றம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆளுக்கொரு கல் நாட்டத் தொடங்கினால் அகழிக்குள் தண்ணீர் தெரியாது. அதோடு இந்த ஊருக்குக் கல் நாட்டாமலே ஒரு பெரிய காரியம் செய்த அனுபவம் உண்டு. பல நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல், வழிபாடு நின்றுபோய்ப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக மட்டும் இருந்த ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு, 1981ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள் இந்த ஊர் மக்கள்தாம். மாவட்ட ஆட்சியரின் துணையும் அதற்கு இருந்தது. அந்த நாளைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவுகளைத்தான் முதலில் எழுதி வாங்கினோம்.

ஏடு இப்போது மூன்று பகுதிகளாக வளர்கிறது. ஆவணச் சான்று உள்ளவை ஒரு பகுதி. நேரில் பார்த்துப் படமெடுத்த இடங்கள் ஒரு பகுதி. குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்படுபவை ஒரு பகுதி. மூன்றாவது பகுதியைப் பற்றி அடிக்கடி சச்சரவு வருகிறது. தம் முன்னோர் 1806இல் மதிலேறித் தப்பியவர் என்று சொல்லி வந்த ஒருவரிடம் சான்று கேட்கலாமா கூடாதா என்று ஒரு மாலை முழுவதும் பேசினோம். கேட்பதில்லை, ஆனால் சொன்னவரின் பெயரையும் சொன்ன நாளையும் குறித்துச் செவிவழிச் செய்தி என்றே எழுதுவது, முதல் பகுதிக்கு எக்காரணம் கொண்டும் மாற்றாமல் வைப்பது என்று முடிவு செய்தோம். அமெரிக்க அமைப்பின் ஆவணக் கறார்த்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பெயரை மறைத்துப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் அதே கறார்த்தனத்தைக் காட்டுவது முறையாக இராது.

சென்ற மாதம் ஆம்பூரிலிருந்து நண்பர்கள் சிலர் வந்து, தங்களையும் எங்கள் கிளையாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார்கள். செயற்குழு கூடிப் பேசியது. அவர்களுக்கு 1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி நவாப் அன்வருதீன் வீழ்ந்த போர்க்களம் இருக்கிறது. 1767இல் ஹைதர் அலி முற்றுகையிட்ட மலைக்கோட்டை இருக்கிறது. எங்கள் 1806ஐச் சுமந்துகொண்டு அவர்கள் நிற்க வேண்டியதில்லை. ஆகவே தனியாக ஏழு பேர் சேர்ந்து பதிந்துகொள்ளும்படியும், ஏட்டின் மூன்று பகுதி முறையை விரும்பினால் எடுத்துக்கொள்ளும்படியும், உறுப்பினர் தகுதிப் பிரிவை மட்டும் எங்களிடமிருந்து நகலெடுக்காமல் தாங்களே உட்கார்ந்து பேசி எழுதும்படியும் பதில் எழுதியிருக்கிறோம். பதிவுச் செலவில் ஒரு பகுதியை எங்கள் சங்கம் ஏற்கும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. பொருளாளர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார்.